ஒழுங்கைப் பார்க்கப் பழகுதல்: அன்னாசிப்பழம் முதல் சிக்குக்கோலம் வரை

ஒரு பூவிலோ சேலைக்கரையிலோ மணல்மேட்டிலோ திரும்பத் திரும்ப வரும் வடிவத்தைக் கண்டால், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். அதே இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இதில் திரும்ப வரும் மிகச் சிறிய துண்டு எது? அந்தத் துண்டு எந்த வகையில் நகர்ந்து அடுத்த இடத்துக்கு வந்திருக்கிறது? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், கண் முன்னால் இருக்கும் அமைப்பு எந்த விதிப்படி உருவானது என்பது பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு அந்த விதி எங்கே மீறப்பட்டிருக்கிறது என்பதும் தானாகவே கண்ணில் படும். ரசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தத் தேடல்தான் என்பது என் கருத்து. கேமராவை எடுப்பது அதற்குப் பிறகு வர வேண்டிய வேலை.

சேலைக்கரையில் தொடங்குங்கள்

இந்தப் பயிற்சிக்காகக் காட்டுக்கோ கடற்கரைக்கோ போக வேண்டியதில்லை. அலமாரியில் இருக்கும் கரை போட்ட சேலை ஒன்றே போதும். கரை ஒரே திசையில் நீண்டு செல்வதால், அதில் ஒரு துண்டு நகரக்கூடிய வழிகள் நான்கே. துண்டு அப்படியே பக்கவாட்டில் தள்ளி வைக்கப்படுவது முதல் வழி. பள்ளிக் கணக்கில் இதை இடப்பெயர்வு என்பார்கள். கண்ணாடியில் காண்பதைப்போல இடவலமாகவோ மேல்கீழாகவோ திரும்புவது பிரதிபலிப்பு. ஒரு புள்ளியைச் சுற்றி அரைவட்டம் திரும்பித் தலைகீழாக நிற்பது சுழற்சி. தள்ளிவைப்பதும் கவிழ்ப்பதும் ஒருசேர நடப்பது நான்காவது. ஈர மணலில் நடந்து போனவரின் இடக்கால் தடமும் வலக்கால் தடமும் மாறி மாறி விழுவதும், கொடியின் தண்டில் இலைகள் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகக் கிளம்புவதும் இந்த நான்காவது வகையைச் சேர்ந்தவை.

இந்த நான்கையும் எவ்வாறு கலந்து பயன்படுத்தினாலும், கரை போல ஒரு திசையில் ஓடும் அமைப்புகள் ஏழு வகைக்குள் அடங்கிவிடும் என்று கணிதம் நிறுவியிருக்கிறது. தரை ஓடுகளைப் போல இரு திசைகளிலும் பரவும் அமைப்புகள் 17 வகைக்குள் அடங்கும். இதை 1891இல் நிறுவியவர் ரஷ்யப் படிகவியல் அறிஞர் ஃபெடரோவ். இந்த எண்ணிக்கைகளை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமில்லை. ஆனால் நெசவாளரும் கொத்தரும் பாய் முடைபவரும் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்த எண்ணற்ற வடிவங்கள் இவ்வளவு சிறிய பட்டியலுக்குள் அடங்குகின்றன என்பதை அறிந்த பிறகு, ஒவ்வொரு கரையையும் எந்த வகை என்று பார்க்கத் தோன்றும்.

கண்ணை மட்டும் நம்பி வகை பிரிப்பது தொடக்கத்தில் கடினம். ஆகவே ஒரு டிரேசிங் பேப்பரைக் கரையின்மேல் வைத்து, நான்கைந்து துண்டுகளை அடுத்தடுத்து வரைந்துகொள்ளுங்கள். தாளைப் பக்கவாட்டில் நகர்த்தியும், திருப்பிக் கவிழ்த்தும், தலைகீழாகச் சுழற்றியும் பார்த்தால், எந்தெந்த அசைவில் தாளிலுள்ள கோடுகள் கரையின்மேல் சரியாகப் பொருந்துகின்றன என்பது தெரிந்துவிடும். ருத்ராட்சக் கரையில் ஏறக்குறைய எல்லா அசைவுகளும் பொருந்தும், ஏனென்றால் அந்த மணி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாங்காய்க் கரை அப்படியல்ல. மாங்காயின் நுனி ஒரு பக்கமாக வளைந்திருப்பதால், எல்லா மாங்காய்களும் ஒரே திசையில் வளைந்து நின்றால் தள்ளிவைப்பது மட்டுமே பொருந்தும். இரண்டிரண்டாக எதிரெதிரே முகம் பார்த்து நின்றால் நடுவில் ஒரு பிரதிபலிப்புக் கோடு கிடைத்துவிடும். ஒரே மாங்காயை வைத்துக்கொண்டு நெய்தவர் எந்த முடிவை எடுத்திருக்கிறார் என்பதைக் கவனிப்பதில்தான் சுவை இருக்கிறது.

செடியிலும் மணலிலும்

இயற்கையில் தொடங்குவதற்கு அன்னாசிப்பழத்தைவிட நல்ல பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. தோல் சீவாத பழம் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதன் கண்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு கண்ணும் அறுகோணச் சாயல் கொண்டது. ஆகவே அதைத் தொட்டுக்கொண்டு மூன்று திசைகளில் சாய்வு வரிசைகள் ஓடும். மிகவும் படுத்தவாறு ஏறும் வரிசை ஒன்றின்மேல் நூலைச் சுற்றி ஒட்டி, அதற்கு இணையான வரிசைகள் மொத்தம் எத்தனை என்று பழத்தைச் சுழற்றியபடி எண்ணினால், பெரும்பாலும் 8 கிடைக்கும். எதிர்த்திசையில் சற்றுச் செங்குத்தாக ஏறும் வரிசைகள் 13. ஏறக்குறைய நேராக மேலே ஏறுபவை 21. எண்ணத் தொடங்கும் வரிசைக்கு அடையாளம் வைக்காவிட்டால் கணக்கு நிச்சயம் தவறும் என்பதால் நூலோ சாக்பீஸ் கோடோ கட்டாயம் தேவை. சூரியகாந்தி மலரின் நடுவட்டத்தில் இதே முறையில் எண்ணினால் 34, 55 போன்ற எண்கள் வரும். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும் பிபனாச்சி எண்வரிசையைச் சேர்ந்தவை இவை.

இதற்குக் காரணம் செடியின் வளர்நுனியில் இருக்கிறது. புதிதாக முளைக்கும் ஒவ்வொரு மொக்கும் ஏற்கெனவே முளைத்தவற்றின் நெருக்கடி மிகக் குறைந்த இடத்தில் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போது அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையிலான கோணம் சுமார் 137.5 பாகையில் போய் நிலைகொள்கிறது. 1992இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் டுவாடியும் கூடேயும் செடியே இல்லாமல் இதைச் செய்து காட்டினார்கள். ஒன்றையொன்று விலக்கும் காந்தத் திரவத் துளிகளை ஒரு தட்டின் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டபோது, அத்துளிகளும் தாமாகவே இதே சுருள்களில் அடுக்கிக்கொண்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வாட்ஸ்அப்பில் உலவும் படங்களில் கடற்சங்கு, புயல், மனித முகம் என எல்லாவற்றின் மீதும் தங்க விகிதச் சுருளை (அடுத்தடுத்த பிபனாச்சி எண்களின் விகிதம் நெருங்கும் 1.618 என்ற எண்ணின்படி விரியும் சுருளை) ஒட்டிக் காட்டுகிறார்கள். நாட்டிலஸ் என்னும் கடலுயிரியின் ஓடு மடக்கைச் சுருள், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே விகிதத்தில் விரியும் சுருள் என்பது உண்மை. ஆனால் அதன் விரிவு வேகம் பொதுவாகத் தங்க விகிதச் சுருளோடு பொருந்துவதில்லை. எண்ணிப் பார்க்காமலும் அளந்து பார்க்காமலும் எந்த அமைப்புக்கும் பெயர் சூட்டாதிருப்பது நல்லது.

பூக்களில் இதழ்களை எண்ணுவதோடு நிறுத்திவிட வேண்டாம். அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் முறையையும் பாருங்கள். ஒற்றையடுக்கு நந்தியாவட்டையின் ஐந்து இதழ்களும் காற்றாடி போல ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் அதற்குச் சுழற்சிச் சமச்சீர் உண்டு, பிரதிபலிப்புச் சமச்சீர் கிடையாது. சங்குப்பூ நேர் எதிர்: அதை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கலாம், சுழற்ற முடியாது. செம்பருத்தியில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஒவ்வோர் இதழின் ஒரு விளிம்பு அடுத்ததன் மேலும் மறுவிளிம்பு முந்தையதன் அடியிலுமாகப் படிந்திருக்கும். அந்தப் படிவு ஒரு பூவில் வலமாகவும், அதே செடியில் பூத்த இன்னொரு பூவில் இடமாகவும் இருக்கக் காணலாம். பூசைக்குப் பறித்த ஒரு தட்டுச் செம்பருத்தியை இந்த அடிப்படையில் இரு குவியலாகப் பிரிப்பது, பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தக்க மிக நல்ல பயிற்சி.

நீரும் காற்றும் வரையும் அமைப்புகளில் எண்ணிக்கையைவிட வடிவின் சாய்வே அதிகம் பேசும். கடலோரத்தில் அலை முன்னும் பின்னுமாக அசையும் ஆழமற்ற இடங்களில் மணலில் உண்டாகும் வரிகளுக்கு இரு பக்கமும் ஒரே சரிவு இருக்கும். ஒரே திசையில் ஓடும் ஆற்றுநீரோ காற்றோ உண்டாக்கும் வரிகளில் ஒரு பக்கம் மெல்லச் சரிந்தும், ஓட்டம் போகும் பக்கம் செங்குத்தாக இறங்கியும் இருக்கும். ஆகவே தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டின் செம்மணலில் விழுந்திருக்கும் வரிகளைப் பார்த்தாலே, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசியது என்பதை அங்கு யாரும் சொல்லாமலே அறிந்துகொள்ளலாம்.

வற்றிய கண்மாயின் சேற்றுவெடிப்புகளில் இரண்டு கோடுகள் சந்திக்கும் இடங்களை மட்டும் பாருங்கள். முதல்முறை காயும் சேற்றில் ஒரு வெடிப்பு நீளமாக ஓடிவிட்ட பிறகு வரும் அடுத்த வெடிப்பு, அதை ஏறக்குறைய செங்கோணத்தில் வந்து முட்டி நின்றுவிடும். அதே சேறு பலமுறை நனைந்து பலமுறை காய்ந்தால், சந்திப்புகள் மெல்ல மெல்ல மூன்று கோடுகள் 120 பாகையில் பிரியும் வடிவத்துக்கு மாறும். துண்டுகளும் அறுகோணத்தை நெருங்கும். எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கும்போதும் இதே போக்குதான் நிகழ்கிறது. உடுப்பிக்கு அருகே மால்பேயிலிருந்து படகில் சென்றடையக்கூடிய செயின்ட் மேரீஸ் தீவுகளில், அப்படி உருவான கல்தூண்களின்மேல் நடந்தே பார்க்கலாம்.

கோலத்தில் ஒரு கணக்கு

புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றிக் கம்பி இழுக்கும் சிக்குக்கோலத்தைப் பார்க்கும்போது, இழை எத்தனை என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். பார்வைக்கு ஒரே பின்னலாகத் தெரிவது உண்மையில் ஒரே கோடாகவும் இருக்கலாம், ஒன்றையொன்று ஊடுருவும் பல வளையங்களாகவும் இருக்கலாம்.

ஒரு தாளில் மூன்று வரிசையாக, வரிசைக்கு மூன்று வீதம் நேர்ப்புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கோடு புள்ளிகளுக்கு இடையே சாய்வாகவே ஓட வேண்டும்; பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டிற்கும் நடுவில் ஒவ்வொரு முறையும் இரு கோடுகள் வெட்டிக்கொள்ள வேண்டும்; ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்ப வேண்டும். இவ்வாறு இழுத்தால் கோடு பாதியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். மீதிப் புள்ளிகளைச் சுற்ற மீண்டும் கையெடுத்துத் தொடங்க வேண்டியிருக்கும். முடிவில், மூலைக்கு மூலை ஓடும் இரண்டு நீண்ட வளையங்களும் நடுவில் ஒரு வளையமுமாக மூன்று இழைகள் கிடைக்கும். இப்போது மூன்று வரிசையில் வரிசைக்கு நான்கு புள்ளி வைத்து இழுத்துப் பாருங்கள். எல்லாப் புள்ளிகளையும் ஒரே இழை சுற்றி வந்து சேர்ந்துவிடும். நான்கு வரிசையில் ஆறு புள்ளி வைத்தால் இரண்டு இழைகள் வரும். வரிசை எண்ணிக்கைக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்திதான் இந்த இழைக் கணக்கு. மூன்றுக்கும் மூன்றுக்கும் மூன்று, மூன்றுக்கும் நான்குக்கும் ஒன்று, நான்குக்கும் ஆறுக்கும் இரண்டு.

அப்படியானால் சதுரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே ஒற்றை இழைக் கோலம் போடுவது எப்படி? ஏதேனும் ஓர் இடத்தில் இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்வதைத் தவிர்த்து, இரண்டும் அங்கே வளைந்து விலகிச் செல்லும்படி வரைந்துவிட்டால், அவ்விரு இழைகளும் இணைந்து ஒன்றாகிவிடும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் அப்படிச் செய்தால் கோலத்தின் சமச்சீர் கெடும். எந்தெந்த வெட்டுகளை அவிழ்த்தால் இழையும் ஒன்றாகி நான்கு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் கோலமிடுபவரின் திறமை இருக்கிறது. அதைக் கணக்காகக் கற்காமலே கைப்பழக்கத்தில் கண்டடைந்த பெண்கள் நம் தெருக்களில் ஏராளம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பிறகு இத்துறையில் கோலம் உலகெங்கும் பேசப்படும் எடுத்துக்காட்டாகிவிட்டது.

தறியும் ஊசியும் விதிக்கும் எல்லை

கைவினையில் ஓர் அமைப்பைப் புரிந்துகொள்ள, அதைச் செய்த கருவியைத் தெரிந்துகொள்ள வேண்டும். துணியில் பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) செங்கோணத்தில் குறுக்கிடுகின்றன. ஆகவே அதில் உண்மையான வளைவு என்று ஒன்று இருக்க முடியாது. காஞ்சிபுரம் பட்டின் தாழம்பூ ரேக்கை மொபைல் கேமராவில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்தில் கூர்மையான சாய்கோடாகத் தெரிவது, அருகில் இத்தனை இழை, அதற்கடுத்து இத்தனை இழை என்று ஏறும் படிக்கட்டாகத் தெரியும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் கோர்வைச் சேலைகளில், ஊடை நூலைச் சுமந்து ஓடும் மூன்று நாடாக்களைக் கொண்டு உடல் ஊடையையும் இரு கரை ஊடைகளையும் தனித்தனியே ஓட்டி, நிறம் மாறும் இடத்தில் அவற்றைக் கோத்து நெய்கிறார்கள். சேலையின் பின்பக்கத்தைத் திருப்பி அந்த இணைப்பை விரலால் தடவிப் பார்த்தால், முன்பக்கத்து ஒழுங்கு எவ்வளவு உழைப்பில் வந்தது என்பது விளங்கும்.

நீலகிரியில் தோடர் பெண்கள் செய்யும் எம்பிராய்டரி இதை இன்னும் தெளிவாகக் காட்டும். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சட்டம் எதுவும் மாட்டாமல், முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூல்களால் தைக்கிறார்கள். எண்ணித் தைப்பதால் வடிவங்கள் எல்லாம் கோணங்களாகவே அமைகின்றன. இதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டமடைக் கோரைப்பாய், செட்டிநாட்டு ஓலைக்கொட்டான் ஆகியவற்றையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்: எத்தனை இழைக்கு மேலே, எத்தனை இழைக்குக் கீழே என்பது மட்டும் தெரிந்தால் மற்றது விளங்கிவிடும்.

ஆத்தங்குடித் தரை ஓடு வேறு வகை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து நிறச் சிமெண்ட் ஊற்றிச் செய்யும் இந்த ஓடுகளில் வளைவுக்குத் தடையில்லை. சில ஓடுகளில் பூவின் கால் பங்கு மட்டுமே மூலையில் இருக்கும். நான்கு ஓடுகளைக் கால் கால் திருப்பமாகச் சுழற்றிப் பதித்தால்தான் பூ முழுமை பெறும். பழைய வீடுகளில் ஓர் ஓடு மட்டும் தவறான திசையில் பதிந்திருப்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது எனக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு.

கேமராவில் பிடிப்பது

செடியையும் கைவினையையும் படத்தையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தவர்களுள் ஜெர்மனியின் கார்ல் புளோஸ்ஃபெல்ட் முதன்மையானவர். 1865 முதல் 1932 வரை வாழ்ந்த இவர், பெர்லினில் கைவினை மாணவர்களுக்கு வடிவங்களைக் கற்பிப்பதற்காகவே மொக்கு, தண்டு, கொடிச்சுருள் ஆகியவற்றைப் பல மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்தார். சாதாரணப் பின்புலம், மென்மையான வெளிச்சம், நேருக்கு நேர் கோணம் ஆகியவற்றைத் தவிர அவர் வேறு ஒன்றையும் நாடவில்லை. அமைப்பைப் படமெடுக்க விரும்புபவருக்கு இன்றும் இதுவே போதிய பாடம்.

தட்டையான அமைப்பை எடுக்கும்போது கேமராவின் தளமும் பொருளின் தளமும் இணையாக இருக்க வேண்டும். சிறிது சாய்ந்தாலும் சதுரக் கோலம் சரிவகமாகிவிடும். திரையில் கட்டக்கோடுகளை இயக்கிக்கொள்ளுங்கள். பல மொபைல்களில் கேமராவை நேர் கீழ்நோக்கிப் பிடிக்கும்போது இரண்டு கூட்டல் குறிகள் தோன்றும். அவை ஒன்றின்மேல் ஒன்று வந்து நிற்கும்போது எடுக்க வேண்டும். பெரிய கோலமென்றால் மாடிப் படியிலிருந்தோ உறுதியான ஸ்டூலில் ஏறியோ எடுப்பதே சரி.

வெளிச்சத்தைப் பொருளுக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணல்வரி, பாய், மரப்பட்டை, கல்வேலை போல மேடுபள்ளத்தால் உண்டான அமைப்புகளுக்கு, பக்கவாட்டில் தாழ்வாக விழும் காலை அல்லது மாலை வெயில் இன்றியமையாதது. உச்சி வெயிலில் நிழல் இல்லாமல் எல்லாம் தட்டையாகிவிடும். கோலம், சேலை, தரை ஓடு போல நிறத்தால் உண்டான அமைப்புகளுக்கு மேகமூட்டமோ நிழலோ நல்லது. சரிகை மட்டும் இரண்டுக்கும் நடுவில் நின்று தொல்லை கொடுக்கும். ஜன்னலோர வெளிச்சத்தில் சேலையை மெல்லத் திருப்பி, பளபளப்பு கண்ணைக் கூசாத கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சாணம் தெளித்த கருந்தரையில் வெள்ளைக் கோலத்தை எடுக்கும்போது, காட்சி இருட்டாக இருப்பதாகக் கருதி கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதனால் மாவுக் கோடுகள் வெளுத்துப் போகும். எக்ஸ்போஷரைச் சற்றுக் குறையுங்கள். வெண்மணலை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாகச் சற்றுக் கூட்ட வேண்டும்.

மிகச் சிறிய கட்டம் போட்ட துணியை எடுத்தால், துணியில் இல்லாத அலையலையான கோடுகள் படத்தில் தெரியக்கூடும். துணியின் இழைக்கட்டமும் கேமரா சென்சாரின் கட்டமும் முட்டிக்கொள்வதால் வருவது இது. ஓரடி முன்னே போவதாலோ கேமராவைச் சற்றுத் திருப்புவதாலோ பெரும்பாலும் மறைந்துவிடும்.

சட்டத்தை அமைக்கும்போது ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும்: அமைப்பின் ஓரத்தைக் காட்டுவதா, வெட்டிவிடுவதா? ஓரம் தெரியாவிட்டால், பார்ப்பவர் அது எல்லையின்றித் தொடர்வதாக எண்ணிக்கொள்வார். தெரிந்தால் அது ஒரு முழுப் பொருளாகிவிடும். பாதி ஓரம் தெரியும் படங்கள் பெரும்பாலும் இரண்டுங்கெட்டானாக முடிகின்றன. ஒழுங்கில் ஒரு மீறல் இருந்தால், அதாவது அன்னாசியில் சிதைந்த ஒரு கண்ணோ திசை மாறிய ஓடோ வெடிப்பில் முளைத்த ஒரு புல்லோ இருந்தால், அதை ஒதுக்காமல் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். ஆனால் சரியாக நடுவில் வைக்க வேண்டாம். மணல்வரி, சேற்றுவெடிப்பு ஆகியவற்றுக்கு அளவு தெரிய ஒரு நாணயத்தை வைத்து ஒரு படமும், வைக்காமல் ஒரு படமும் எடுத்துக்கொள்வது நல்லது.

சேமிக்கும்போது பூ, துணி, கோவில் என்று பொருள்வாரியாகப் பிரிக்காமல், இடப்பெயர்வு, பிரதிபலிப்பு, சுழற்சி, சுருள், வெடிப்பு என்று விதிவாரியாகப் பிரித்து வைத்துப் பாருங்கள். நந்தியாவட்டையும் ஆத்தங்குடி ஓடும் ஒரே ஃபோல்டருக்குள் வந்து நிற்கும்போது, அடுத்து எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகும். ஒவ்வொரு படத்தோடும் எண்ணிய கணக்கையும் வெளிச்சம் வந்த திசையையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். வாசலில் போட்ட கோலத்தை எடுப்பதற்கு முன் போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. அப்படிக் கேட்டால் எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்ற கணக்கும் பெரும்பாலும் அவரிடமிருந்தே கிடைத்துவிடும்.